அழுகையும் பெருமிதமும்
(பெண் உறுப்புச் சிதைப்பைப் பேசும் மூன்று ஆப்பிரிக்க நூல்கள்)

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர், ஒவ்வொரு மெய்ப்பாடும் தோன்றுவதற்கு நந்நான்கு நிலைக்களன்கள் உண்டு எனக் காட்டினார். அழுகை தோன்றுவது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினால். அச்சம் தோன்றுவது அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினால். பெருமிதம் தோன்றுவது கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கினால். தறுகண் என்பது அஞ்சாமை. தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் பகுதியாகவே இது பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. ஆயினும், வேற்று நாட்டு இலக்கியத்தை அளந்தறியவும் இப்பகுப்பு உரிய கோலாகும் என்பதைச் சில நூல்கள் மெய்ப்பிக்கின்றன. பெண் உறுப்புச் சிதைப்பு என்னும் கொடிய வழக்கத்தைப் பற்றி ஆப்பிரிக்க மண்ணிலிருந்து எழுந்த நூல்கள் அத்தகையவை.

அவற்றுள் மூன்று நூல்கள் ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கென்யாவின் கூகி வா தியாங்கோ 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இடையில் ஓடும் நதி’ என்னும் புதினம் ஒன்று. எகிப்திய மருத்துவரும் எழுத்தாளருமான நவால் எல் சாதாவி 1977-ஆம் ஆண்டு அரபு மொழியில் வெளியிட்டு, 1980-ஆம் ஆண்டு ‘ஏவாளின் மறைந்த முகம்’ என்னும் பெயரில் ஆங்கிலத்திற்குச் சென்ற நூல் மற்றொன்று. சோமாலிய நாட்டில் பிறந்த வாரிஸ் டைரி, கேத்லீன் மில்லர் என்பாரின் துணையோடு 1998-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பாலைவனப் பூ’ என்னும் தன்வரலாறு மூன்றாவது. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். பாதிக்கப்பட்டவளைப் பற்றிப் பிறர் பேசும்வரை அங்கு அழுகையே ஓங்கி நிற்கின்றது; அவளே பேசத் தொடங்கும்போதுதான் பெருமிதம் பிறக்கின்றது.

வழக்கமும் அதன் கேடும்

பெண் சுன்னத்து என்றும் விருத்தசேதனம் என்றும் வழங்கும் பெயர்கள் இக்கொடுமையின் அளவை மறைத்துவிடுகின்றன. ஆண்களுக்குச் செய்யப்படும் சடங்கோடு இதனை ஒப்பிடுவது பெரும்பாலும் பொருந்தாது. மருத்துவக் காரணம் ஏதுமின்றிப் பெண்ணின் பிறப்புறுப்பை ஓரளவோ முழுவதுமோ அறுத்தெடுப்பதையும், அதற்கு வேறு வகையில் ஊறு செய்வதையும் இச்சொல் குறிக்கும். உலகச் சுகாதார நிறுவனம் இதனை நான்கு வகையாகப் பிரித்துள்ளது. அவற்றுள் மிகக் கொடியது, உறுப்பை அறுத்த பின்னர்ச் சிறு துளை ஒன்றை மட்டும் விட்டு எஞ்சிய பகுதியைத் தைத்து மூடிவிடும் முறையாகும். சோமாலியா, சூடான், ஜிபூத்தி ஆகிய நாடுகளில் அம்முறை பரவலாக வழங்கி வந்துள்ளது.

இதனால் விளையும் கேடுகள் பல. அறுக்கும்போதே குருதி வடிந்து இறக்கும் சிறுமியர் உளர். புண் சீழ்ப்பிடித்தும் இசிவு நோய் கண்டும் மாய்வோர் உளர். பிழைத்தவர்க்கு நீர்ப்பிரிவின் வலியும் மாதவிலக்கின் வேதனையும் வாழ்நாள் முழுவதும் தொடரலாம். மகப்பேறு உயிர்ப்போராட்டமாகி விடுவதும் உண்டு. ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2006-ஆம் ஆண்டு வெளிவந்தது. இக்கொடுமைக்கு ஆளானவர்களிடையே மகப்பேற்றின்போது மிகைக் குருதிப்போக்கும் குழந்தை இறப்பும் கூடுதலாக இருப்பதை அது எடுத்துக்காட்டிற்று. இவ்வழக்கத்திற்கு ஆளாகி இன்று உயிரோடிருக்கும் பெண்கள் 23 கோடிக்கும் மேற்பட்டோர் என யூனிசெப் 2024-ஆம் ஆண்டு கணக்கிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 14 கோடியே 40 இலட்சம் பேர் ஆப்பிரிக்காவிலும் 8 கோடிப் பேர் ஆசியாவிலும் வாழ்கின்றனர்.

இஃது ஏதேனும் ஒரு சமயத்திற்கு மட்டும் உரிய வழக்கம் என்று கருதுவது பிழையாகும். எகிப்தில் முஸ்லிம்களிடமும் கிறித்துவர்களிடமும் இது காணப்பட்டது. கென்யாவின் கிக்கூயு மக்கள் இதனைத் தம் குல வழக்கமாகவே போற்றினர். திருக்குர்ஆனிலோ விவிலியத்திலோ இதற்குக் கட்டளை இல்லை. ஆகவே, இந்நூல்களைப் படிப்போர் ஒரு சமயத்தின்மீதோ இனத்தின்மீதோ பழி சுமத்துவதற்கு அவற்றைக் கருவியாகக் கொள்ளுதல் ஆகாது. அவற்றை எழுதியோரும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பிறர் வழக்கில் சான்றான பெண்

கூகியின் புதினம் எழுந்த பின்னணியை முதலில் அறிதல் வேண்டும். 1929-ஆம் ஆண்டு வாக்கில், இவ்வழக்கத்தைக் கைவிடுவோரே திருச்சபையில் நீடிக்கலாம் எனக் கென்யாவிலிருந்த சமயப்பணி மன்றங்கள் சில வற்புறுத்தின. கிக்கூயு மக்களுள் பலர் அதனை வெள்ளையர் ஆதிக்கத்தின் மற்றொரு கை எனக் கண்டு வெகுண்டனர். சபையை விட்டு வெளியேறித் தமக்கெனத் தனிப் பள்ளிகளை நிறுவினர். பின்னாளில் கென்யாவின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டாவும், 1938-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இவ்வழக்கத்திற்காக வாதாடினார். பெண்ணின் உடல் இருதரப்பாரும் பொருதும் களமாயிற்று. அவள் விருப்பத்தைக் கேட்டறிந்தோர் அரியர்.

இப்போராட்டத்தையே கூகி தம் புதினத்தின் கருவாக்கினார். ஹோனியா ஆற்றின் இருமருங்கிலும் கமெனோ, மக்கூயு என இரு மலைமுகடுகள். ஒன்றில் குலமரபைக் காப்போர். மற்றொன்றில் கிறித்துவத்தைத் தழுவியோர். மக்கூயுவின் சமயப் போதகராகிய யோசுவாவின் மகள் முத்தோனி. அவள் கிறித்துவத்தையும் விட விரும்பவில்லை. குலத்தின் முழுமையான பெண்ணாக ஆகும் உரிமையையும் இழக்க விரும்பவில்லை. தன் உள்ளத்தைத் தமக்கை நியாம்புராவிடம் ஆற்றங்கரையில் திறந்து காட்டுகின்றாள். தந்தையை மீறிச் சென்று சடங்கிற்கு உட்படுகின்றாள். புண் ஆறவில்லை. சமயப்பணியாளரின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே இறக்கின்றாள்.

முத்தோனியை அறியாப் பேதையாகக் கூகி படைக்கவில்லை. அவள் ஏன் அதனை விரும்பினாள் என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைத்தது இப்புதினத்தின் தலையாய சிறப்பு. சடங்கிற்கு உட்படாத பெண் அச்சமூகத்தில் பெண்ணாக மதிக்கப்படுவதில்லை. மணமும் மகப்பேறும் சுற்றத்தாரின் நன்மதிப்பும் அதனோடு பிணைந்துள்ளன. இதனை உணராமல் ‘காட்டுமிராண்டித்தனம்’ என ஏசுவோர், அவ்வழக்கத்தை மேலும் இறுகச் செய்வரேயன்றித் தளர்த்தமாட்டார். புதினத்தின் இப்பகுதி இன்றைய சமூகத் தொண்டர்க்கும் பாடமாகத் தக்கது.

ஆயினும், அவள் இறந்த பின்னர் நிகழ்வன நோக்கற்பாலன. சமயப்பணியாளர்க்கு அவள் இறப்பு குலமரபின் கொடுமைக்குச் சான்றாகின்றது. கமெனோவின் முதியவர் செகேக்கு அது மரபைக் கைவிட்ட யோசுவாவின்மேல் விழுந்த தண்டனையாகத் தெரிகின்றது. பெற்ற தந்தையோ அவளை முன்னரே தன் மகள் அல்லள் என ஒதுக்கிவிட்டார். ஒரு சிறுமியின் சாவு ஆளுக்கொரு வாதமாகப் பங்கிடப்படுகின்றது. இதனைத் திட்பநுட்பத்தோடு காட்டிய கூகி, தாமும் ஓரளவு அதே பிழைக்கு ஆளாகிவிட்டார் எனலாம். கதையின் முற்பகுதியிலேயே முத்தோனி மறைந்துவிட, எஞ்சிய பகுதி வையாக்கி என்னும் இளைஞனின் தலைமைப் போராட்டமாகவே விரிகின்றது. அவள் அங்கு நினைவாகவும் குறியீடாகவும் நிற்கின்றாள். அவளுடைய உடல் பட்ட வேதனை, வாசகர் நின்று நோக்குமளவு சொல்லப்படவில்லை. ஆகவே, படிப்போர் நெஞ்சில் எழுவது இழவினால் வரும் அழுகையே. இறந்தவள் பேச இயலாள். பிழைத்தவள் பேசும் காலம் அப்போது வரவில்லை.

தாய் நின்ற இடம்

அக்காலத்தைக் கொணர்ந்தவர்களுள் முதல்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர் நவால் எல் சாதாவி. 1931-ஆம் ஆண்டு எகிப்தியச் சிற்றூரொன்றில் பிறந்து, மருத்துவம் கற்று, அரசின் சுகாதாரத் துறையில் உயர்பொறுப்பு வகித்தவர். பெண்ணுடல் பற்றி வெளிப்படையாக எழுதியமையால் 1972-ஆம் ஆண்டு அப்பொறுப்பை இழந்தார். 1981-ஆம் ஆண்டு சிறையும் கண்டார். 2021-ஆம் ஆண்டு மறையும்வரை அவர் எழுதுகோல் ஓயவில்லை.

அவருடைய நூல் புள்ளிவிவரத்தோடு தொடங்கவில்லை. தம் ஆறாம் வயதின் ஓர் இரவோடு தொடங்குகின்றது. படுக்கையின் வெதுவெதுப்பில் உறங்கியும் உறங்காமலும் கிடக்கும் சிறுமியை ஒரு கை பற்றி இழுக்கின்றது. மற்றொரு கை வாயைப் பொத்துகின்றது. வீட்டில் கள்வர் புகுந்துவிட்டனர் என்று அவள் எண்ணுகின்றாள். இரும்பு தீட்டும் ஓசை கேட்கின்றது. பெருநாளுக்கு ஆட்டை அறுக்கக் கசாப்புக்காரன் கத்தி தீட்டுவது அவள் நினைவுக்கு வருகின்றது. வலி உடலைப் பிளக்கும்போது தாயைக் கூவி அழைக்கின்றாள். திரும்பிப் பார்த்தால், அந்த அயலாரின் நடுவே தாயே நிற்கின்றாள். அவர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருக்கின்றாள்.

தொல்காப்பியர் அச்சத்திற்குக் கூறிய நான்கு நிலைக்களன்களை இங்கு நினைவுகூர்தல் தகும். சிறுமி தன் அச்சத்திற்குக் காரணம் தேடும்போது கள்வர் என்றே முதலில் எண்ணுகின்றாள். அஃது இயல்பு, அச்சத்தின் நிலைக்களன்களுள் கள்வர் உண்டு. ஆனால், அந்நான்கனுள் தாய் என்னும் பெயர் இல்லை. எந்தக் குழந்தையும் அச்சம் நேர்ந்தவிடத்து ஓடி ஒளியும் மடி அது. அம்மடியே அச்சத்தின் பிறப்பிடமாக மாறிய நிலைக்கு இலக்கணத்தில் இடமில்லை. கத்தி அறுத்தது உறுப்பை மட்டுமன்று. குழந்தைக்கு இவ்வுலகின்மீது இருந்த நம்பிக்கையையும் அறுத்துவிட்டது. நூல் முழுவதும் எழுப்பும் வினாக்களுக்கெல்லாம் வித்து இந்த ஒரு காட்சியில் அடங்கியுள்ளது. அடுத்து அவருடைய தங்கையையும் பிடித்துச் செல்கின்றனர். இரு சிறுமியரின் கண்களும் ஒரு நொடி சந்திக்கின்றன. பெண்ணாய்ப் பிறந்ததன் பொருளை அவ்விருவரும் அந்நொடியில் அறிந்துகொள்கின்றனர்.

வேறொருவராயின் இக்காட்சியை விரித்து விரித்துப் படிப்போரை அழவைத்திருப்பர். சாதாவி அவ்வாறு செய்யவில்லை. தம் துயரை விரைவில் கடந்து, மருத்துவராகத் தாம் கண்ட பிற சிறுமியரை நோக்கிச் செல்கின்றார். எகிப்தியப் பெண்களை வினவித் தாம் நடத்திய ஆய்வை முன்வைக்கின்றார். சொத்துரிமை, ஆணாதிக்கம், வரலாறு எனக் காரணங்களை ஆராய்கின்றார். மேனாட்டார் இதனை மட்டும் தனித்தெடுத்து ஆப்பிரிக்க, அரபுப் பெண்கள்மீது இரக்கம் சொரிவதையும் அவர் ஏற்கவில்லை. கல்வியும் தறுகணும் ஒருங்கே கூடிய பெருமிதம் இது.

குறையும் இல்லாமல் இல்லை. பிற்பகுதியில் வாதம் மேலோங்குகின்றது. பல நாட்டு நிலைமைகளை ஒரே மூச்சில் பொதுமைப்படுத்தும் இடங்கள் உண்டு. எனினும், பாதிக்கப்பட்டவளே ஆராய்ச்சியாளராகவும் நின்று பேசிய புதுமை அக்குறைகளை மிஞ்சி நிற்கின்றது.

வெறுப்பின்றிச் சொன்ன உண்மை

வாரிஸ் டைரி கற்றறிந்த குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். சோமாலியப் பாலைநிலத்தில் ஒட்டகமும் ஆடும் மேய்த்த நாடோடிக் குடும்பத்தின் மகள். வாரிஸ் என்னும் பெயருக்கே பாலைவனப் பூ என்று பொருள். ஏறத்தாழ ஐந்து வயதில், பொழுது புலருமுன் தாய் அவரைப் பாறையொன்றின் அருகே அழைத்துச் சென்றார். பழைய சவரத்தகட்டால் அறுத்தனர். முள்ளால் துளையிட்டுத் தைத்தனர். கால்களைச் சேர்த்துக் கட்டிக் கிடத்தினர். வலி பொறுக்கக் கடித்துக்கொள்ள வேர்த்துண்டு ஒன்றே கிடைத்தது. அவருடைய தமக்கை ஒருத்தி இதே கொடுமையில் உயிரிழந்தாள். பதின்மூன்று வயதளவில் ஐந்து ஒட்டகத்திற்கு ஈடாக முதியவர் ஒருவர்க்கு மணமுடிக்கத் தந்தை முனைந்தபோது, வாரிஸ் பாலைவனத்தினூடே தப்பியோடினார். பின்னர் இலண்டனில் உறவினர் வீட்டில் பணிப்பெண்ணாக உழைத்து, புகழ்பெற்ற விளம்பர அழகியாக உயர்ந்தார்.

முத்தோனியைப் போலவே சிறுமி வாரிசும் அந்நாளுக்காக ஆவலோடு காத்திருந்தாள் என்பதை நூல் மறைக்கவில்லை. தமக்கையரைப் போல் தானும் பெரியவளாக வேண்டும் என்னும் ஆசை அது. கூகி கற்பனையில் கண்டதை வாரிசின் வாழ்க்கை மெய்யென்று காட்டிற்று. ஆனால், முத்தோனி இறந்தாள், வாரிஸ் பிழைத்தார், பிழைத்ததோடு அமையாமல் பேசினார்.

அவர் பேசிய சூழல் எண்ணத்தக்கது. 1997-ஆம் ஆண்டு மகளிர் இதழொன்று அவரைப் பேட்டி காண வந்தது. ஆடு மேய்த்தவள் அழகியாக உயர்ந்த கதையே வாசகர்க்கு இனிக்கும். அதனைச் சொல்லிக் கைதட்டல் பெற்றிருக்கலாம். அவரோ அக்கதையை ஒதுக்கிவிட்டு, எவரிடமும் எளிதில் சொல்லவொண்ணாத தம் உடலின் உண்மையைச் சொன்னார். உடல் அழகால் பிழைப்பவர் அதே உடலின் சிதைவை உலகறியச் சொல்வது எளிதன்று. தம் குலத்தார் காத்துவந்த மறையை வெளியிட்டுவிட்டதாக வரும் பழியும் அச்சுறுத்தலும் அவர் அறியாதவை அல்ல. அதே ஆண்டு ஐக்கிய நாட்டு அமைப்பு அவரைத் தன் சிறப்புத் தூதராக்கிற்று. 2003-ஆம் ஆண்டுவரை அப்பணியில் இருந்தார்.

நூலின் உயிர்நிலை எனத் தக்கது, தாயைப் பற்றிய அவர் நோக்கு. தாயை அவர் வெறுக்கவில்லை. தாய்க்கும் முன்னர் அதே கொடுமை இழைக்கப்பட்டது. மகளை மணமின்றி விட்டுவிட அஞ்சியே தாய் அதற்கு இசைந்தார். இதனை உணர்ந்து மன்னிக்கும் வாரிஸ், மன்னிப்பின் பெயரால் கொடுமையை மழுப்பவில்லை என்பதே கருதத்தக்கது. அன்புடையார் செய்ததாலேயே ஒரு தீங்கு தீங்கில்லாமல் போய்விடாது. வெறுத்துவிட்டுப் பேசுதல் எளிது. அன்பு காரணமாகப் பேசாதிருத்தல் அதனினும் எளிது. அன்பையும் விடாது, உண்மையையும் விடாது பேசுதலே அரிது.

நடை நோக்கில் இந்நூல் சாதாவியின் நூலுக்கு ஈடாகாது. துணையாசிரியர் கைபட்ட எழுத்தாதலின், விரைந்தோடும் வெற்றிக் கதையின் சாயல் பல இடங்களில் தென்படுகின்றது. விளம்பர உலகப் பகுதிகள் மேலோட்டமானவை. ஆயினும், பாறையருகே நிகழ்ந்ததைச் சொல்லும் பக்கங்களில் அணி ஏதும் இல்லை, ஏங்கலும் இல்லை. கண்டதைக் கண்டவாறு சொல்லும் எளிமையே அங்கு வலிமையாகின்றது.

மூன்று நூல்களின் தொடர்ச்சி

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1992-ஆம் ஆண்டு இதே பொருளைப் புதினமாக்கினார். ஆப்பிரிக்க இனமொன்றைக் கற்பித்து, தாஷி என்பாளின் வாழ்வை அவர் வரைந்தார். அவருடைய சினம் நேரியது. எனினும், பல இனங்களின் வழக்கத்தைக் கற்பனை இனமொன்றில் கலந்து, வெளியிலிருந்து தீர்ப்பு வழங்குகின்றார் என்னும் மறுப்பு எழுந்தது. நல்லெண்ணம் மட்டுமே உள்ளிருந்து எழும் குரலுக்கு ஈடாகாது என்பதற்கு அது சான்று.

இவ்வகையில் நோக்கினால், கூகி ‘ஏன் விரும்பினாள்’ என்பதை விளக்கினார்; சாதாவி ‘யார் பயன்பெற்றனர்’ என்பதை ஆராய்ந்தார்; வாரிஸ் ‘என்ன நேர்ந்தது’ என்பதைச் சொன்னார். மூன்றும் சேர்ந்தே முழுமை பெறுகின்றன. ஒன்றை மட்டும் படிப்பவர் அவ்வழக்கத்திற்கு அமைதி கற்பிக்கவும் கூடும். அம்மக்களையே இகழவும் கூடும்.

இக்குரல்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. எகிப்து 2008-ஆம் ஆண்டும் கென்யா 2011-ஆம் ஆண்டும் இவ்வழக்கத்தைக் குற்றமாக்கின. 2012-ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவை இதனைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. காம்பியா நாட்டில் 2015-ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட தடையை நீக்க ஒரு மசோதா கொண்டுவரப்பட்டபோது, பாதிக்கப்பட்ட பெண்கள் முன்வந்து தம் வரலாற்றைக் கூறிப் போராடினர். 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அந்நாட்டு நாடாளுமன்றம் அம்மசோதாவைத் தள்ளுபடி செய்தது. சட்டம் மட்டும் போதாது என்பதும் உண்மை. எகிப்தில் படித்த மருத்துவர்களே மறைவாக இதனைச் செய்துவந்தமை, அறிவு வளர்ந்தும் அறம் வளராமைக்கு எடுத்துக்காட்டாகும்.

தென்கிழக்காசிய வாசகர்க்கு இது கடல்கடந்த செய்தி மட்டுமன்று. இப்பகுதியிலும் சில சமூகங்களில் இவ்வழக்கம், பெரும்பாலும் சிறு கீறல் அல்லது குத்தல் என்னும் வடிவில், குழந்தைப் பருவத்திலேயே நிகழ்ந்து வருகின்றது. சோமாலிய முறையோடு அதனை ஒன்றாக வைத்தெண்ணுதல் பொருந்தாது. ஆயினும், மருத்துவத் தேவையின்றிப் பெண்குழந்தையின் உடலில் கை வைக்கலாமா என்னும் வினா பொதுவானதே. இந்தோனேசிய அரசு 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட சுகாதார ஒழுங்குமுறையில் இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என விதித்தமை இவ்வினா இங்கும் எழுந்துவிட்டதைக் காட்டுகின்றது.

இத்தகைய பொருளை வகுப்பறையில் எடுத்துரைக்க ஆசிரியர்கள் தயங்குவது இயல்பே. சொல்லக் கூசும் செய்தி என்னும் எண்ணம் தடுக்கும். ஆனால், சொல்லக் கூசியமையாலேயே இக்கொடுமை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தது என்பதை இந்நூல்கள் உணர்த்துகின்றன. உயர்வகுப்பு மாணவர்க்கேனும் இவற்றை அறிமுகம் செய்தல் நன்று. மெய்ப்பாட்டியலைக் கற்கும் மாணவன், போர்க்களத்து மறவனிடம் மட்டுமே தறுகண்ணைத் தேடிப் பழகியுள்ளான். ஆறு வயதில் தனக்கு நேர்ந்ததை, தாயின் பெயரைக் கெடுக்காமலும் உண்மையை ஒளிக்காமலும் உலகின்முன் எடுத்துரைக்கும் ஒரு பெண்ணிடமும் அது உண்டு என அவன் அறிதல் வேண்டும். அப்பெண் கேட்பது கண்ணீர் அன்று. அடுத்த சிறுமியின் படுக்கையருகே அந்தக் கை நீளாதிருக்க வேண்டும் என்பதே.